ரப்பர் பேண்ட் போட்டால் தாடை வளருமா, கோணுமா?

13 வயது மகளின் தாயார் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்கு மேல்வரிசை முன்பற்கள் தூக்கலாகவும் கீழ்த்தாடை சற்று உள்வாங்கியும் இருந்ததால், பத்து மாதங்களுக்கு முன் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே 7 மி.மீ. இடைவெளி. கடந்த இரண்டு மாதமாக, மேல் கோரைப்பல் கொக்கியிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல் கொக்கிக்கு இரு பக்கமும் ரப்பர் பேண்ட் மாட்டச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். பாக்கெட்டில் ‘1/4 அங்குலம், 4.5 அவுன்ஸ்’ என்று போட்டிருக்கிறதாம்.

“வளர்கிற வயதில் ரப்பர் போட்டு இழுத்தால் தாடை கோணிவிடும், முகம் நீண்டுவிடும்” என்று உறவினர் ஒருவர் சொல்ல, பயந்துபோய் இரவில் மட்டும் மாட்டிவிடுகிறார். இடது பக்கம் வலிக்கிறது என்று மகள் அழுததால் சில வாரங்கள் வலது பக்கம் மட்டும். விட்டுப்போன நேரத்தை ஈடுகட்டச் சில இரவுகளில் இரண்டிரண்டு ரப்பர். இதற்கிடையே இன்னொரு மருத்துவர், “18 வயதில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம், இப்போது எதுவும் வேண்டாம்” என்றிருக்கிறார். மகள் பூப்படைந்து ஏழு மாதம் ஆகிறது. “இனிமேல்தானே வளர்ச்சி வேகம் எடுக்கும்? அந்த நேரத்தில் ரப்பர் தாடையை வளர்க்குமா, கெடுக்குமா?” என்பது முக்கியமான கேள்வி. கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: 8 வயது மகனுக்குக் கீழ் முன்பற்கள் மேல்பற்களைத் தாண்டி வெளியே நிற்கின்றன, அவனுக்கும் 13 வயதானதும் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

அன்புள்ள வாசகிக்கு,

தாடை வளரும் என்ற உங்கள் நம்பிக்கையும், தாடை கோணும் என்ற உறவினரின் பயமும் எதிரெதிராகத் தெரிந்தாலும், இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: ரப்பர் தாடையை இழுக்கிறது என்பது. அது இழுப்பது பல்லை. உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விகளில் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

ரப்பர் எதைப் பிடித்திருக்கிறது?

மேலே கோரைப்பல், கீழே முதல் பெரிய கடைவாய்ப்பல். இரண்டும் எலும்புக்குள் மெல்லிய நார்த்திசுவில் பொதிந்து நிற்பவை. இழுவிசை அந்த நார்த்திசு வழியாகப் போகும்போது, அழுந்துகிற பக்கம் எலும்பு கரைகிறது, இழுபடுகிற பக்கம் புது எலும்பு படிகிறது, பல் நகர்கிறது. தாடை எலும்பின் வளர்ச்சி வேறு இடங்களில் நடக்கிறது. கீழ்த்தாடை நீளுவது காதுக்கு முன்னால் உள்ள மூட்டுத் தலையின் குருத்தெலும்பில். மேல்தாடை முன்னுக்கு வருவது கன்னம், மூக்கு எலும்புகளோடு அது சேரும் இணைப்புகளில். கோரைப்பல்லில் மாட்டிய 130 கிராம் இழுப்பு அந்த இடங்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரும்பகுதி பற்களை நகர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது.

அதனால் உங்கள் மகளுக்கு நடக்கக்கூடியவை இவை: மேல் முன்பற்கள் பின்னுக்குச் சாயும், கொஞ்சம் கீழே இறங்கும். கீழ்ப்பற்கள் மொத்தமாக முன்னுக்கு வரும், கீழ் முன்பற்கள் உதட்டுப் பக்கம் சாயும். கீழ்க் கடைவாய்ப்பல் லேசாக மேலெழும். இவையெல்லாம் சேர்ந்துதான் 7 மி.மீ. இடைவெளியைக் குறைக்கின்றன. தாடை எலும்பில் ஏற்படும் மாற்றம் இதில் சிறு பங்கே. மேலும், இந்த வயதில் கீழ்த்தாடை தானாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2–3 மி.மீ. நீளும். சிகிச்சை முடிந்ததும் “ரப்பர் போட்டதால் தாடை வளர்ந்துவிட்டது” என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு எப்படியும் வரவிருந்த வளர்ச்சிதான்.

“அப்படியானால் ட்வின் பிளாக் மாதிரி தாடையை முன்னால் தள்ளும் கருவி போட்டிருக்க வேண்டுமோ?” என்று அடுத்து நினைப்பீர்கள். அந்தக் கருவிகளில் எலும்பின் பங்கு சற்று அதிகம் தெரியும், குறிப்பாக வளர்ச்சி உச்சத்தில் போட்டால். ஆனால் 1990-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொடங்கிய பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள், மிகச் சிறு வயதிலேயே இவற்றைப் போட்ட பிள்ளைகளையும் பின்னாளில் ஒரே கட்டமாகச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளையும் பார்த்தபோது, கடைசியில் தாடை அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் நிற்கவில்லை. உங்கள் மருத்துவர் ரப்பரைத் தேர்ந்தெடுத்ததால் ஒரு பெரிய வாய்ப்பு கைநழுவிவிட்டது என்று வருந்த வேண்டியதில்லை.

பூப்படைதலும் வளர்ச்சியும்

இங்கே ஒரு திருத்தம் அவசியம். பெண் பிள்ளைகளுக்கு உயரமும் தாடையும் வேகமாக வளர்வது பூப்படைவதற்கு முன்பு. பெரும்பாலானோருக்கு அந்த உச்சம் 11–12 வயதில் வந்து, முதல் மாதவிடாய் வரும்போது இறங்குமுகத்தில் இருக்கும். ஆண் பிள்ளைகளுக்கு இது சுமார் இரண்டு ஆண்டு தள்ளிப் போகும். ஆகவே உங்கள் மகளுக்கு வேகம் “இனிமேல்” அல்ல. உச்சம் கடந்திருக்க வாய்ப்பு அதிகம். வளர்ச்சி நின்றுவிடவில்லை, இன்னும் இரண்டு மூன்று ஆண்டு குறைந்துகொண்டே தொடரும். கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சற்றுத் தாமதமாகவே ஓய்கிறது.

இதை வயதை வைத்து ஊகிக்க வேண்டியதும் இல்லை. கம்பி போடுமுன் பக்கவாட்டில் எடுத்த செபலோகிராம் எக்ஸ்ரேயில் கழுத்து முள்ளெலும்புகளும் விழும். அவற்றின் அடிப்பகுதி தட்டையாக இருக்கிறதா, குழிந்திருக்கிறதா, அந்த எலும்புகளின் வடிவம் சதுரமாகிவிட்டதா என்பதைப் பார்த்து, அப்போது வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருந்தது என்று மருத்துவர் சொல்லிவிடுவார். கேளுங்கள்.

“முகம் நீண்டுவிடும்” என்பதில் எவ்வளவு உண்மை?

இதை வெறும் புரளி என்று தள்ளமாட்டேன். இந்த ரப்பர் சாய்வாக இழுப்பதால், கீழ்க் கடைவாய்ப்பல்லை முன்னுக்கு மட்டுமல்ல, மேல்நோக்கியும் இழுக்கிறது. கடைவாய்ப்பல் 1 மி.மீ. எழுந்தால் முன்பக்கத்தில் வாய் ஏறக்குறைய 2–3 மி.மீ. திறந்து நிற்கும், மோவாய் கீழேயும் பின்னாலும் சுழலும். உள்வாங்கிய தாடையை முன்னால் காட்டத்தான் சிகிச்சை. அது நேர் எதிராகப் போய்விடும்.

ஆனால் இது எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. வளரும் பிள்ளைகளுக்குத் தாடையின் பின்பகுதி உயரமும் கூடிக்கொண்டே இருப்பதால், கடைவாய்ப்பல் எழுந்ததை அது ஈடுகட்டிவிடும். வளர்ச்சி நின்ற பெரியவர்களுக்குத்தான் அந்தத் தயவு இல்லை. உறவினர் “வளர்கிற வயது” என்பதை ஆபத்தாகச் சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் அது பாதுகாப்பு. மேல்பல் கீழ்ப்பல்லை ஆழமாக மூடியிருக்கும் குட்டை முகப் பிள்ளைகளுக்குக் கடைவாய்ப்பல் சற்று எழுவது நல்லதும்கூட. கவலைப்பட வேண்டியது வேறு வகை: ஏற்கெனவே நீண்ட முகம், சும்மா இருக்கும்போது உதடு சேராது, கடித்தால் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. அந்த அமைப்புள்ள பிள்ளைக்கு இந்த ரப்பரை மிக அளவாக, குறைந்த காலத்துக்கே பயன்படுத்துவார்கள். அல்லது எலும்பில் சிறு திருகு பொருத்தி வேறு வழியில் இழுப்பார்கள். உங்கள் மகள் எந்த வகை என்று கடிதத்தில் இல்லை. செபலோகிராமில் கீழ்த்தாடையின் சாய்வுக் கோணத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று, கீழ்வரிசையில் இப்போது எந்தக் கம்பி இருக்கிறது என்பது. வளைந்துகொடுக்கும் மெல்லிய உருண்டைக் கம்பியில் இந்த ரப்பரை முழு நேரம் மாட்டினால் கடைவாய்ப்பல் எழுவதும் முன்பல் சாய்வதும் கட்டுக்கடங்காமல் போகும். பட்டையான, விறைப்பான எஃகுக் கம்பிக்கு வந்த பிறகு மாட்டுவதே வழக்கம். எட்டு மாதம் காத்திருந்து ரப்பர் தொடங்கியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மருத்துவர் அப்படித்தான் செய்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

நீங்கள் மாட்டிய விதம்

கடிந்துகொள்ள எழுதவில்லை, ஆனால் மருத்துவர் சொன்னபடி மாட்டியிருந்தால் வராத சிக்கல்கள், பயந்து மாற்றியதில்தான் வருகின்றன.

*இரவில் மட்டும் மாட்டுவது.* பல் நகரத் தொடங்க ஒரு நாளில் தொடர்ச்சியாகப் பல மணி நேர அழுத்தம் வேண்டும். எட்டு மணி நேரம் இழுத்து, பதினாறு மணி நேரம் விட்டால் பல் கொஞ்சம் அசைந்து பழைய இடத்துக்கே திரும்பும். மறுநாள் இரவு மறுபடி வலி. முழுநேரம் மாட்டுபவர்களுக்கு வலி முதல் மூன்று நான்கு நாளில் அடங்கிவிடும். விட்டுவிட்டு மாட்டுபவர்களுக்குத்தான் மாதக்கணக்கில் வலிக்கும். உங்கள் மகளின் அழுகைக்குக் காரணம் அனேகமாக இதுவே. பொதுவாகச் சொல்லப்படும் அளவு 20 முதல் 22 மணி நேரம்; பல் துலக்கும்போதும் சாப்பிடும்போதும் மட்டும் இடைவேளை.

*ஒரு பக்கம் மட்டும்.* முகம் கோணும் என்று பயந்தீர்கள். பல்வரிசை கோணுவதற்கு இதுதான் வழி. வலப்பக்கம் மட்டும் இழுத்தால் மேல்பற்களின் நடுக்கோடும் கீழ்ப்பற்களின் நடுக்கோடும் விலகும், கடிக்கும் தளம் ஒரு பக்கம் சாயும். கண்ணாடி முன் நின்று மகளைக் கடைவாய்ப்பற்கள் சேரக் கடிக்கச் சொல்லி, இரண்டு நடுக்கோடுகளும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். சில வாரங்களில் விலகியிருந்தாலும் திருத்தக்கூடியதே. ஆனால் எந்தப் பக்கம், எத்தனை வாரம் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் காரணத்தை வேறெங்கோ தேடுவார்.

*இரண்டிரண்டாக.* பாக்கெட்டில் உள்ள 4.5 அவுன்ஸ் என்பது ரப்பரை அதன் உள்விட்டத்தைப்போல் மூன்று மடங்கு இழுக்கும்போது கிடைக்கும் விசை. 1/4 அங்குலம் என்றால் 6.4 மி.மீ.; 19 மி.மீ. வரை இழுத்தால் சுமார் 128 கிராம். கொட்டாவி விட்டால் அது இன்னும் ஏறும். இரண்டு மாட்டினால் 250 கிராமைத் தாண்டும். கூடுதல் விசை பல்லை வேகமாக நகர்த்தாது என்பது பலருக்கும் நம்ப முடியாததாக இருக்கும். அளவுக்கு மீறி அழுத்தினால் நார்த்திசுவில் ரத்த ஓட்டம் நின்று அந்த இடம் செத்துவிடுகிறது. உடல் அதை அப்புறப்படுத்தும்வரை இரண்டு மூன்று வாரம் பல் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த நேரத்தில்தான் வேர் நுனி கரைவதும், கடைவாய்ப்பல் எழுவதும் கூடுகின்றன. விட்டுப்போன நேரத்தை இரட்டை ரப்பரால் திருப்பி வாங்க முடியாது. இதை உடனே நிறுத்துங்கள்.

மாட்டும் முறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பின் கொக்கியில் முதலில் மாட்டி, விரலாலோ அவர்கள் தந்த சிறு பிளாஸ்டிக் கொக்கியாலோ முன்னுக்கு இழுத்துக் கோரைப்பல்லில் மாட்டுவது எளிது. லேடெக்ஸ் ரப்பர் எச்சில் பட்டதும் தளரத் தொடங்கி ஒரு நாளுக்குள் ஏறக்குறைய கால் பங்கு விசையை இழந்துவிடும். அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்று இருக்காமல், குறைந்தது தினமும் ஒருமுறை புதிது மாட்டுங்கள். மருத்துவர் இரண்டு மூன்று முறை என்று சொல்லியிருந்தால் அதன்படி. ஒரு பக்கம் அறுந்தால் இரு பக்கமும் சேர்த்து மாற்றினால் இழுப்பு சமமாக இருக்கும். பள்ளிப் பையில் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். தவறி விழுங்கிவிட்டால் பயப்பட வேண்டாம், மலத்தோடு போய்விடும். உதடு தடித்தல், வாய் அரிப்பு, ஈறு சிவந்து எரிவது என்று ஏதாவது தெரிந்தால் லேடெக்ஸ் ஒவ்வாமையாக இருக்கலாம். கழற்றிவிட்டு மருத்துவரிடம் சொன்னால் லேடெக்ஸ் இல்லாத ரப்பர் தருவார்.

மகள் விளையாட்டாக முன்பற்கள் இரண்டையும் சேர்த்து ரப்பர் மாட்டிப் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கலங்கவைத்த வரி அதுதான். கொக்கியில் மாட்டாமல் பல்லைச் சுற்றிப் போட்ட ரப்பர், பல் வேரை நோக்கிக் குறுகிப் போவதால் மெல்ல ஈறுக்குள் வழுக்கிச் சென்று, வேரைச் சுற்றியுள்ள எலும்பை அரித்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. ஒரு நாள் நல்ல பல் ஆடத் தொடங்கும். பல்லையே இழந்தவர்கள் உண்டு. மாட்டிய ரப்பர் காணாமல் போய், அது விழுந்ததா என்று தெரியாவிட்டால், அன்றே போய்க் காட்டுங்கள். லேடெக்ஸ் ரப்பர் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் என்ன நடந்தது என்று வாயால் சொல்ல வேண்டியது அவசியம்.

18 வயது அறுவை சிகிச்சை என்ற யோசனை

இரண்டாவது மருத்துவர் சொன்னது தவறு என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது; ஆனால் “எதுவும் வேண்டாம்” என்பதற்கும் ஒரு விலை உண்டு. மேல்பல் 3 மி.மீ.க்கு மேல் தூக்கலாக உள்ள பிள்ளைகளுக்கு விழுந்து பல் உடையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பள்ளியில் கேலி, உதட்டைக் கையால் மறைத்துச் சிரிக்கும் பழக்கம் இவையும் கணக்கில் சேர வேண்டியவை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் அறுவை சிகிச்சைக்கு முன், உதட்டுப் பக்கம் சாய்ந்த கீழ் முன்பற்களைப் பின்னுக்கு நேராக்க வேண்டும். ரப்பரோ அவற்றை முன்னுக்குச் சாய்க்கிறது. அதாவது இரண்டு வழிகளும் பற்களை எதிரெதிர்த் திசையில் கொண்டுபோகின்றன. தாடை வித்தியாசம் உண்மையிலேயே பெரிதென்றால், ரப்பரால் மறைக்கப் பார்த்துக் கீழ் முன்பற்கள் எலும்பு விளிம்புக்கு வெளியே சாய்ந்து, ஈறு இறங்கி, கடைசியில் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். வித்தியாசம் நடுத்தரம் என்றால், அறுவை சிகிச்சையே வேண்டியிருக்காது. 7 மி.மீ. என்ற ஒரு எண்ணை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. அந்த 7-இல் எவ்வளவு பல், எவ்வளவு தாடை என்பதைச் செபலோகிராம் அளவுகள்தான் பிரிக்கும். உங்கள் இரண்டு மருத்துவர்களும் ஒரே எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் கருத்துச் சொன்னார்களா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்ரே, பல் அச்சு, புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு இரண்டாவது கருத்துக்குப் போவது உங்கள் உரிமை. எந்த மருத்துவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே, மேல்வரிசைச் சிறு கடைவாய்ப்பற்கள் இரண்டை எடுத்து முன்பற்களைப் பின்னுக்குக் கொண்டுபோகும் வழியும் உண்டு, அதையும் பேசுங்கள்.

அடுத்த முறை போகும்போது நான்கு கேள்விகள் போதும். தொடக்கத்தில் 7 மி.மீ., இன்று எவ்வளவு? கீழ் முன்பற்களின் சாய்வு இப்போது எந்த அளவில் இருக்கிறது, எங்கே நிறுத்துவீர்கள்? வேர் நுனிகளைப் பார்க்க எப்போது எக்ஸ்ரே எடுப்பீர்கள்? மகள் தாடையை வேண்டுமென்றே முன்னால் தள்ளிக் கடிக்கிறாளா? கடைசிக் கேள்வி முக்கியம். ரப்பர் போட்ட பிள்ளைகள் சிலர் தாடையை முன்னால் நீட்டிக் கடிக்கப் பழகிவிடுவார்கள். இடைவெளி மூடியது போலவே தோன்றும். நாக்கு நுனியை மேலண்ணத்தின் பின்பக்கம் மடக்கி வைத்து மெல்லக் கடிக்கச் சொன்னால் தாடை தன் உண்மையான இடத்துக்குத் திரும்பும், உண்மையான இடைவெளி தெரியும். இதைப் பார்க்காமல் கம்பியைக் கழற்றினால் சில மாதங்களில் தூக்கல் திரும்பிவிடும்.

ஒழுங்காக முழு நேரம் மாட்டினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் அளந்து பார்க்கும்படி மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் மகளிடமும் உட்கார்ந்து பேசுங்கள். 13 வயதுப் பிள்ளையின் வாயில் 22 மணி நேரம் இருக்கப்போகும் ரப்பரை நீங்கள் மாட்டிவிட முடியாது. அவளுக்கே விருப்பமில்லை என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லிக் கழற்றி மாட்டத் தேவையில்லாத கருவி பொருந்துமா என்று கேட்கலாம்.

8 வயது மகன்

நீங்கள் ஒரு வரியில் முடித்த இதுதான் அவசரமானது. கீழ்ப்பல் முன்னால் நிற்கும் பிள்ளைக்கு 13 வயதுவரை காத்திருப்பது சரியல்ல. முதலில் இது பல்லின் சாய்வா, கடிக்கும்போது தாடை வழுக்கி முன்னே வருவதா, அல்லது மேல்தாடையே வளர்ச்சியில் பின்தங்கியதா என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டும் எளிதாகச் சரியாகும். மேல்தாடை பின்தங்கியிருந்தால், முகத்துக்கு வெளியே நெற்றியிலும் மோவாயிலும் பதியும் சட்டகத்திலிருந்து ரப்பரால் மேல்தாடையை முன்னுக்கு இழுப்பார்கள். ஒரு பக்கத்துக்கு 300 முதல் 500 கிராம் வரை, தினமும் 12–14 மணி நேரம். இணைப்புகள் இளகியிருக்கும் 10 வயதுக்குள் இது நன்றாக வேலை செய்யும். பிறகு போகப்போக எலும்பு நகர்வது குறைந்து பல் நகர்வதே மிஞ்சும். அந்த வயதையும் தவறவிட்ட சில பிள்ளைகளுக்கு 11–13 வயதில் தாடை எலும்பிலேயே சிறு தகடுகளைப் பொருத்தி, அவற்றுக்கிடையே ரப்பர் மாட்டுவதும் உண்டு. அங்கே ரப்பர் பல்லைத் தொடுவதே இல்லை என்பதால் உண்மையாகவே எலும்பு நகர்கிறது. ஆனால் தகடு பொருத்தவும் எடுக்கவும் சிறு அறுவை சிகிச்சை தேவை.

இவற்றில் எதைச் செய்தாலும் கீழ்த்தாடை பதின்ம வயதின் இறுதிவரை வளர்வதால் கொஞ்சம் திரும்ப வரலாம். குடும்பத்தில் வேறு யாருக்கும் கீழ்த்தாடை முன்னால் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார், தெரிந்துகொண்டு போங்கள். மகளை அடுத்த முறை காட்டப் போகும்போதே அவனையும் கூட்டிப்போய்விடுங்கள்.